உள்ளெரி பொறிகளில் வெப்ப மின்னாக்கம்

உள்ளெரி பொறிகளில் வெப்ப மின்னாக்கம் என்பது, சரக்குந்து, மகிழுந்து, படகு, மின்னாக்கித் தொகுதி முதலியவற்றின் பொறிகளில் இருந்து புகையுடன் வெளியேறி வீணாகும் வெப்பத்தின் ஒரு பகுதியை, குறைக்கடத்திகளால் ஆன கருவிகளைக் கொண்டு நேரடியாக மின்சாரமாக மாற்றும் முறை ஆகும். இதற்குப் பயன்படும் கருவி வெப்ப மின்னாக்கி எனப்படும். இதில் சுழலும் அல்லது நகரும் உறுப்புகள் எவையும் இல்லை. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்கும் வரை மின்னோட்டம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இதன் இயற்பியல் அடிப்படை 1821 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. விண்கலங்களில் இது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகின்றது. ஆயினும் சாலை வாகனங்களில் இது பெருமளவு விற்பனைக்கு வரவில்லை. அதற்கான காரணங்கள், இக்கருவியின் இயல்பைப் போலவே அறிந்துகொள்ளத் தக்கவை. சென்னையின் வடபகுதியில், ராயபுரம் கல்மண்டபம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் டீசல் பொறிகள் பல வகைகளில் இயங்குவதால், இம்முறை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை விளக்க அப்பகுதி நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

கழிவு வெப்பத்தின் அளவு

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்டு மணி ஆற்றல் அடங்கியுள்ளது. நல்ல நிலையில் உள்ள டீசல் பொறி ஒன்று, முழுச் சுமையில் இயங்கும்போது, இதில் 40 விழுக்காடு அளவையே சுழல்தண்டுக்கு வழங்குகின்றது. மீதியில் பெரும்பகுதி இரண்டு வழிகளில் வெளியேறுகின்றது. ஒன்று, பொறியைக் குளிர்விக்கும் நீர். மற்றொன்று, புகைக் குழாய். இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைக் கொண்டு சென்றாலும், இரண்டின் பெறுமதி ஒன்றல்ல. குளிர்நீரின் வெப்பநிலை 90 °செ அளவிலேயே இருக்கும். புகையோ, சுமையுடன் ஓடும் டீசல் பொறியில் 300 முதல் 450 °செ வரையும், பெட்ரோல் பொறியில் 600 °செ அல்லது அதற்கு மேலும் இருக்கும். வெப்பநிலை வேறுபாடு கூடக் கூட, வெப்பத்தில் இருந்து பெறக்கூடிய வேலையும் கூடும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆகவே வெப்ப மின்னாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் புகைக் குழாயையே நாடுகின்றன.

இயற்பியல் அடிப்படை

இரு வேறு உலோகங்களின் முனைகளை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கி மற்றதைக் குளிராக வைத்தால் அருகில் உள்ள காந்த ஊசி விலகுவதை, இன்றைய எசுத்தோனியாவின் தாலின் நகரில் பிறந்த தாமசு யோகான் சீபெக் 1821 இல் கண்டார். அவர் இதை வெப்பத்தால் உண்டாகும் காந்த விளைவு என்றே கருதினார். மின்னோட்டமே ஊசியை விலக்குகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. இவ்விளைவு இன்று சீபெக் விளைவு எனப்படுகின்றது. இதன் மறுதலையை, அதாவது மின்னோட்டம் செலுத்தினால் ஓர் இணைப்பு சூடாகி மற்றது குளிர்வதை, பிரான்சு நாட்டின் இழான் பெல்டியர் 1834 இல் கண்டறிந்தார்.

ஒரு கடத்தியின் சூடான முனையில் உள்ள மின்னூட்டத் துகள்கள் கூடுதல் ஆற்றலுடன் அலைவதால், அவை குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன. இதனால் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகின்றது. உலோகங்களில் இது மிகச் சிறியது. ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சில மைக்ரோவோல்ட்டு மட்டுமே. குறைக்கடத்திகளில் இது 200 மைக்ரோவோல்ட்டு அளவுக்கு உயரும். எதிர்மின்னூட்டத் துகள்கள் மிகுந்த ஒரு துண்டையும், நேர்மின் துளைகள் மிகுந்த ஒரு துண்டையும் மேலே இணைத்து ஒரு சோடியாக்கினால், இரண்டின் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று கூடும்.

கடைகளில் கிடைக்கும் 4 சென்டிமீட்டர் சதுர வில்லையில் பொதுவாக 127 சோடிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். இரு பக்கங்களுக்கும் இடையே 150 பாகை வேறுபாடு இருந்தால், ஒரு சோடிக்கு 0.06 வோல்ட்டு வீதம், வில்லை முழுவதற்கும் ஏறத்தாழ 7.6 வோல்ட்டு கிடைக்கும். சுமையை இணைத்து மிகுந்த திறனைப் பெறும் நிலையில் இதில் பாதியே எஞ்சும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுப் பொருள் கடைகளில் வாங்கி, கல்லூரி மாணவர்கள் தம் செயல்திட்டங்களுக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் குளிர்விப்பதற்காகச் செய்யப்பட்ட பெல்டியர் வில்லைகளே ஆகும். அவற்றைத் திருப்பிப் பயன்படுத்தியும் மின்சாரம் பெறலாம். ஆனால் அவ்வகை வில்லைகள் பலவற்றில் துண்டுகளை இணைக்கும் பற்றாசு 138 °செ வெப்பநிலையிலேயே உருகிவிடும். புகைக் குழாயின் மீது அவற்றை நேரடியாகப் பொருத்தினால் சில நிமிடங்களில் இணைப்புகள் கழன்றுவிடும். செயல்திட்டங்கள் பல தோல்வியுறுவதற்கு இதுவே எளிய காரணம். கொள்கையில் பிழை எதுவும் இல்லை. மின்னாக்கத்திற்கெனச் செய்யப்படும் வில்லைகளில் உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கும் இணைப்புகள் பயன்படுகின்றன.

தகுதியெண்

வெப்பமின் பொருள் ஒன்று மூன்று இயல்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். அதன் சீபெக் கெழு மிகுந்திருக்க வேண்டும். அது மின்சாரத்தை நன்கு கடத்த வேண்டும். அதே வேளையில் வெப்பத்தைக் கடத்தக் கூடாது. கடத்தினால் சூடான பக்கத்தின் வெப்பம் மின்சாரமாக மாறாமலே குளிர்ந்த பக்கத்திற்கு ஓடிவிடும். இம்மூன்றையும் ஒரே எண்ணில் அடக்குவது தகுதியெண் ஆகும். சீபெக் கெழுவின் இருமடியை மின்கடத்துமையாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக்கடத்துமையால் வகுத்தால் இது கிடைக்கும். இதற்கு அலகு இல்லை.

இவ்வியல்புகள் ஒன்றுக்கொன்று பகையானவை. மின்கடத்துமையை உயர்த்தத் துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சீபெக் கெழு குறைகின்றது. அத்துகள்களே வெப்பத்தையும் சுமந்து செல்கின்றன. இத்துறையின் நூறாண்டு உழைப்பு, இப்பகையைத் தணிக்கும் முயற்சியே என்று கூறலாம்.

தகுதியெண் 1 எனவும், சூடான பக்கம் 250 °செ, குளிர்ந்த பக்கம் 80 °செ எனவும் கொண்டால், எந்த வெப்பப் பொறியும் மீற முடியாத கார்னோ வரம்பு 32 விழுக்காடு. வெப்ப மின்னாக்கி பெறக்கூடியதோ 6 விழுக்காட்டிற்குச் சற்று மேல். தொடுபரப்புகளிலும் மின்னிணைப்புகளிலும் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் நடைமுறையில் 4 அல்லது 5 விழுக்காடே எஞ்சும்.

பொருட்கள்

பிசுமத் தெலூரைடு மிகவும் பழகிய பொருள். 1950களில் பிரித்தானியாவிலும், அபிராம் யோஃபேயின் தலைமையில் சோவியத்து ஒன்றியத்திலும் நடந்த ஆய்வுகள் இதனைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ 250 °செ வரை இது நன்கு செயல்படும். அதற்கு மேற்பட்ட வெப்பநிலைக்கு ஈயத் தெலூரைடு, கோபால்ட்டும் ஆண்ட்டிமனியும் சேர்ந்த இசுக்கட்டரூடைட்டு வகைச் சேர்மங்கள், அரை ஃகியூசுலர் கலப்புலோகங்கள், மக்னீசியம் சிலிசைடு முதலியவை பயன்படுகின்றன. 1000 °செ அளவில் சிலிக்கன் செருமேனியம் பொருத்தமானது.

தெலூரியம் அரிய தனிமம். இது பெரும்பாலும் செம்பைத் தூய்மையாக்கும்போது கிடைக்கும் துணைப்பொருளாகவே பெறப்படுகின்றது. உலகின் ஆண்டு உற்பத்தி ஆயிரம் டன்னுக்கும் குறைவு. கதிரவ மின்கலத் தொழிலும் இதற்குப் போட்டியிடுகின்றது. ஈயம் நச்சுத்தன்மை கொண்டது. மக்னீசியம் சிலிசைடு மலிவானதும் எடை குறைந்ததும் ஆகும். ஆனால் அதன் நேர்மின் துளை வகை, எதிர்மின் வகை அளவுக்குச் சிறப்பாக அமைவதில்லை. வாகனத் தொழிலுக்குத் தேவையான அளவில், மலிவு விலையில், நஞ்சில்லாமல், 500 °செ வரை தாங்கும் பொருள் என்ற நான்கு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்வது எளிதன்று.

மின்னாக்கியின் அமைப்பு

புகைக் குழாயில் ஒரு வெப்பமாற்றி பொருத்தப்படுகின்றது. அதன் உட்புறத்தில் புகையில் இருந்து வெப்பத்தைப் பற்றும் தகட்டுச் செதில்கள் இருக்கும். வெளிப்புறத் தட்டையான பரப்பின் மீது வில்லைகள் அடுக்கப்பட்டு, அவற்றின் மேல் குளிர்நீர் ஓடும் பெட்டிகள் இறுக்கிப் பொருத்தப்படும். வில்லைகள் தரும் மின்னழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து ஏறி இறங்குவதால், அதை மின்கலத்திற்கு ஏற்ற நிலையான அளவுக்கு மாற்றும் மின்னணுச் சுற்று ஒன்றும் தேவை.

இவற்றுள் வில்லையை விட வெப்பமாற்றியே கடினமான பகுதி. புகை வளிமம் ஆதலால் வெப்பத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 400 °செ புகை குழாயில் ஓடினாலும், வில்லையின் சூடான பக்கம் 250 °செ அளவையே எட்டலாம். செதில்களை நெருக்கமாக வைத்தால் வெப்பம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் புகைக்குத் தடை ஏற்பட்டு, அதை வெளியே தள்ளப் பொறி கூடுதலாக உழைக்க நேரிடும். தடை மிகுந்தால், கிடைக்கும் மின்சாரத்தை விடக் கூடுதலான எரிபொருள் செலவாகிவிடும். டீசல் கரி செதில்களில் படிவதும் நாளடைவில் வெப்பம் பாய்வதைக் குறைக்கின்றது.

வரலாறு

சோவியத்து ஒன்றியத்தில் 1950களில் மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி மேல் பொருத்தப்படும் வெப்ப மின்னாக்கி ஒன்று விற்கப்பட்டது. மின் இணைப்பு இல்லாத சிற்றூர்களில் விளக்கு எரியும்போதே வானொலியும் பாடியது. கழிவு வெப்பத்தில் இருந்து மின்சாரம் பெற்று, பொது மக்களிடம் உண்மையாகவே பரவிய முதல் கருவி இதுவாகலாம்.

விண்வெளியில், கதிரியக்கப் பொருளின் வெப்பத்தால் இயங்கும் மின்னாக்கி முதன்முதலில் 1961 இல் அமெரிக்காவின் திரான்சிட்டு 4ஏ செயற்கைக்கோளில் அனுப்பப்பட்டது. 1977 இல் ஏவப்பட்ட வாயேசர் விண்கலங்கள் ஒவ்வொன்றும் இவ்வகை மின்னாக்கிகள் மூன்றைக் கொண்டிருந்தன. பல பத்தாண்டுகள் கைபடாமல் இயங்கும் திறனை இவை மெய்ப்பித்தன. அங்கே விலையும் திறன் குறைவும் பொருட்டல்ல என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

வாகனங்களுக்கான முயற்சிகள் 1960களில் தொடங்கின. 1988 இல் போர்ச் 944 மகிழுந்துப் பொறியின் புகைக் குழாயில் இரும்புச் சிலிசைடு துண்டுகளைக் கொண்டு சில பத்து வாட்டுகள் பெறப்பட்டன. 1990களில் அமெரிக்காவின் ஐ-சி நிறுவனம் கனரகச் சரக்குந்து டீசல் பொறிக்கென 1 கிலோவாட்டு மின்னாக்கியை உருவாக்கிச் சோதித்தது. சப்பானில் நிசான் நிறுவனமும் இக்காலத்திலேயே சோதனைகள் செய்தது. 2004 இல் அமெரிக்க எரிசக்தித் துறை தொடங்கிய திட்டத்தின் கீழ் பிஎம்டபிள்யூ எக்சு6, லிங்கன் எம்கேடி, செவ்ரோலே சபர்பன் ஆகிய வண்டிகளில் மின்னாக்கிகள் பொருத்தி ஓட்டிப் பார்க்கப்பட்டன. நெடுஞ்சாலை வேகத்தில் சில நூறு வாட்டுகள் கிடைத்தன. எனினும் இவற்றுள் எதுவும் விற்பனை மாதிரியாக மாறவில்லை. அதே திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்கள், பெல்டியர் விளைவால் குளிரும் மகிழுந்து இருக்கைகளை வெற்றிகரமாக விற்றன என்பது முரணான செய்தி.

கலிபோர்னியாவில் 2009 இல் தோன்றிய ஆல்பபெட்டு எனர்சி நிறுவனம் வாகனங்களை விட்டு, ஓரிடத்தில் நிலையாக இயங்கும் பொறிகளை நாடியது. 1000 கிலோவாட்டு பொறியின் புகையில் இருந்து 25 கிலோவாட்டு வரை பெறும் கொள்கலன் அளவுள்ள கருவியை 2014 இல் அறிமுகப்படுத்தியது. நிறுவனம் 2018 இல் மூடப்பட்டது.

இந்தியாவில் ஆய்வுகள்

பொடி உலோகவியலுக்கான பன்னாட்டு உயர் ஆய்வு மையம் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் கிளையான வாகன ஆற்றல் பொருட்கள் மையம் சென்னை தரமணியில், இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வுப் பூங்காவில் இயங்குகின்றது. லித்தியம் அயனி மின்கலம், மின்னோடிகளுக்கான காந்தப் பொருட்கள் ஆகியவற்றுடன், வாகனக் கழிவு வெப்பத்திற்கான வெப்பமின் பொருட்களும் கருவிகளும் இம்மையத்தின் ஆய்வுப் பொருளாக உள்ளன. தூள்களை அழுத்தி, மின்னோட்டத்தால் விரைவாகச் சூடேற்றித் திண்மமாக்கும் முறை, நுண்ணிய மணிகள் பெருத்துவிடாமல் பாதுகாப்பதால் வெப்பமின் பொருட்களுக்கு ஏற்றது. மணி எல்லைகள் வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகளைச் சிதறடிக்கின்றன. மின்துகள்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

பெங்களூரில் உள்ள சவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் கனிசுகா பிசுவாசு இத்துறையில் உலக அளவில் அறியப்பட்டவர். அவர் அமெரிக்காவின் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது முதன்மை ஆசிரியராக எழுதி 2012 இல் வெளியான ஆய்வில், ஈயத் தெலூரைடின் தகுதியெண் 2.2 ஆக உயர்த்தப்பட்டது. 2021 இல் பெங்களூர்க் குழு, காட்மியம் சிறிதளவு சேர்த்த வெள்ளி ஆண்ட்டிமனி தெலூரைடில் 300 °செ அளவில் 2.6 என்ற தகுதியெண்ணை அறிவித்தது. டீசல் புகைக்கு உகந்த வெப்பநிலையில் கிடைத்த மிக உயர்ந்த அளவுகளில் இதுவும் ஒன்று. பொருளின் தகுதியெண் உயர்வதும், அப்பொருளால் ஆன கருவி பல ஆயிரம் மணி நேரம் விரிந்து சுருங்கியும் விரிசல் விடாமல் உழைப்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவது இன்னும் பெரிதும் எஞ்சியுள்ள பணி.

வட சென்னையில் கழிவு வெப்பம்

கல்மண்டபம், ராயபுரத்தின் பழைய கடைத்தெருப் பகுதி. கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், தெற்கே சென்னைத் துறைமுகமும், வடக்கே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய தொழிற்பகுதிகளும் உள்ளன. இந்தியாவின் பொறித் தொழில் வரலாற்றில் இப்பட்டைக்குத் தனி இடம் உண்டு. 1948 இல் அசோக் மோட்டார்சு என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1955 இல் அசோக் லேலண்டு ஆன நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை எண்ணூரில் அமைந்தது. 1955 இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் செய்யப்பட்டன. பேசின் பாலம் அருகே நான்கு மாபெரும் பொறிகளைக் கொண்ட ஏறத்தாழ 200 மெகாவாட்டு டீசல் மின்நிலையம் 1990களின் இறுதியில் இருந்து 2010களின் நடுப்பகுதி வரை இயங்கியது.

துறைமுகச் சரக்குந்துகள்

சென்னைத் துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் வண்டிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் நீண்ட வரிசையில் நிற்பது பல ஆண்டுகளாக வடசென்னை மக்களின் முறையீடாக இருந்துள்ளது. நின்ற வண்டியின் பொறி வீணாக ஓடுவதால், அவ்வெப்பத்தையாவது மின்சாரமாக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றும். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. சுமையின்றி ஓடும் டீசல் பொறியின் புகை 100 முதல் 150 °செ வரையே இருக்கும். குளிர்நீர் 85 °செ. இடையில் வில்லைக்குக் கிடைக்கும் வேறுபாடு 15 பாகை எனக் கொள்வோம். முழுச் சுமையில் அது 150 பாகை என்றால், இப்போது பத்தில் ஒரு பங்கு. வெப்ப மின்னாக்கியின் திறன் வேறுபாட்டின் இருமடியைப் பொறுத்தது ஆதலால், கிடைக்கும் மின்சாரம் நூறில் ஒரு பங்கு. 500 வாட்டு மின்னாக்கி 5 வாட்டு தரும். ஒரு சிறு விளக்குக்கே அது போதும். வரிசையில் நிற்கும் வண்டிக்கு ஏற்ற தீர்வு பொறியை நிறுத்துவதே ஆகும். அதற்கு வாயிலில் விரைவான சோதனையும், ஓட்டுநருக்கு நிழலும் காற்றும் கிடைக்கும் நிறுத்துமிடமும் தேவை.

நெடுஞ்சாலையில் சுமையுடன் ஓடும் வண்டிக்குக் கணக்கு வேறு. ஆயினும் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் நிலை 6 விதிகள் புதிய தடையொன்றைக் கொண்டுவந்தன. புகையில் உள்ள கரியையும் நைட்ரசன் ஆக்சைடுகளையும் அகற்றும் வினையூக்கி அமைப்புகள் செயல்பட, புகை போதிய வெப்பத்துடன் அவற்றை அடைய வேண்டும். ஆகவே மின்னாக்கியை அவற்றுக்குப் பின்னால்தான் வைக்க இயலும். அங்கே புகை சற்றுக் குளிர்ந்திருக்கும்.

மீன்பிடி விசைப்படகுகள்

காசிமேட்டு விசைப்படகுகளின் நிலை சரக்குந்துக்கு நேர்மாறானது. வலை இழுக்கும்போது பொறி மணிக்கணக்கில் ஏறத்தாழ ஒரே சுமையில் ஓடுகின்றது. குளிர்விக்கக் கடல்நீர் எல்லையின்றிக் கிடைக்கின்றது. சென்னைக் கடலின் மேற்பரப்பு 30 °செ அளவிலேயே இருக்கும். குளிர்ந்த பக்கத்தை 80 °செ இல் இருந்து 35 °செ ஆக இறக்கினால், அதே வில்லையில் இருந்து ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலான திறன் கிடைக்கும். படகில் எடையும் இடமும் மகிழுந்தைப் போல நெருக்கடியானவை அல்ல. எனவே கொள்கை அளவில், வெப்ப மின்னாக்கிக்கு இதைவிட நல்ல இடம் அரிது.

தமிழ்நாட்டு விதிகள் விசைப்படகுப் பொறிக்கு 240 குதிரைத் திறன் என்னும் உச்ச வரம்பை விதிக்கின்றன. எடுத்துக்காட்டாக 100 கிலோவாட்டு, அதாவது 134 குதிரைத் திறன் தந்துகொண்டிருக்கும் பொறியைக் கொள்வோம். அது மணிக்கு 25 லிட்டர் டீசல் எரிக்கும். இதில் 250 கிலோவாட்டு வெப்பம் அடங்கியுள்ளது. 75 கிலோவாட்டு புகையில் போகும். அதில் பாதியை வெப்பமாற்றி பற்றி, அதில் 4 விழுக்காடு மின்சாரம் ஆனால், 1.5 கிலோவாட்டு கிடைக்கும். இதே மின்சாரத்தைப் பொறியோடு இணைந்த மின்னாக்கியில் இருந்து பெற மணிக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர் டீசல் செலவாகும். அதாவது சேமிப்பு 2.4 விழுக்காடு.

ஆனால் படகுக்கு 1.5 கிலோவாட்டு தொடர்ந்து தேவைப்படுவதில்லை. விளக்குகள், இடங்காட்டி, எதிரொலிமானி, கம்பியில்லாக் கருவி ஆகியவை சேர்ந்து சில நூறு வாட்டே கொள்ளும். 500 வாட்டு மட்டும் பயன்பட்டால் சேமிப்பு மணிக்கு 0.2 லிட்டர். பொறி 200 மணி நேரம் ஓடும் ஒரு பயணத்தில் 5000 லிட்டர் டீசல் எரியும்போது 40 லிட்டர் மிஞ்சும். டீசலே பயணத்தின் மிகப் பெரிய செலவு ஆதலால் இது புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் நூற்றுக்கணக்கான வில்லைகளையும், உப்புநீரைத் தாங்கும் குளிர்பெட்டிகளையும் வாங்குவதற்கு இது போதாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்நாட்களில் கருவி சும்மா கிடப்பதோடு, உப்பும் ஈரமும் இணைப்புகளை அரிக்கும்.

படகுக்கு மின்சாரத்தை விடக் குளிரே பெரிய தேவை. பிடித்த மீனைப் பல நாட்கள் காக்கக் கரையில் இருந்தே டன் கணக்கில் பனிக்கட்டி ஏற்றிச் செல்கின்றனர். அது கரைந்து முடியும் முன் திரும்பியாக வேண்டும். புகையின் வெப்பத்தையே கொண்டு இயங்கும் உறிஞ்சு குளிர்விப்பு முறையில், 4 அல்லது 5 விழுக்காடாக மின்சாரம் பெறுவதற்கு மாறாக, பற்றிய வெப்பத்தின் கணிசமான பங்குக்கு ஈடான குளிரைப் பெற முடியும். ஆடும் படகில் நீர்மங்கள் சரியாக ஓடச் செய்வது இதன் சிக்கல். அதே புகை வெப்பத்தை எதற்குச் செலவிடலாம் என்ற கேள்வியில் வெப்ப மின்னாக்கியின் உண்மையான போட்டியாளர் இதுவே.

மோட்டார் சைக்கிள்களைப் பொறுத்தவரை கூறுவதற்கு அதிகம் இல்லை. புல்லட் போன்ற காற்றுக் குளிர்விப்புப் பொறிகளில் குளிர்நீரே கிடையாது. கிடைக்கும் சில வாட்டுகள் கைப்பேசிக்கு மின்னேற்ற உதவலாம்.

பிற முறைகளுடன் ஒப்பீடு

பொறி பெரிதாக இருந்தால் வெப்ப மின்னாக்கி பின்தங்கிவிடும். பெரிய கப்பல்களில் புகையால் நீராவி உண்டாக்கிச் சுழலியை இயக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. பேசின் பாலத்தில் 1996 இல் அமைந்த 120 மெகாவாட்டு எரிவளிச் சுழலி நிலையம் போன்ற இடங்களில், வெளியேறும் புகை கொதிகலனை இயக்கத்தக்க சூட்டில் இருப்பதால், நீராவிச் சுழலியைச் சேர்த்துக் கூட்டுச் சுழற்சியாக்குவதே இயல்பான வழியாகும். அம்முறையில் கழிவு வெப்பத்தில் இருந்து பெறும் மின்சாரம் வெப்ப மின்னாக்கி தருவதைப் போலப் பல மடங்கு. நடுத்தர அளவில், நீருக்கு மாற்றாகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் கரிம நீர்மங்களைப் பயன்படுத்தும் ராங்கின் சுழற்சி உண்டு. சரக்குந்துகளில், புகையால் சுழலும் இரண்டாவது சுழலியைப் பல்சக்கரங்கள் மூலம் சுழல்தண்டுடன் இணைக்கும் முறையை இசுக்கானியா 1990களிலும், வால்வோ 2000களிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

வெப்ப மின்னாக்கி வெல்லும் இடங்கள் சிறியவை, தொலைவானவை, பராமரிக்க ஆள் இல்லாதவை. எரிவளிக் குழாய்ப் பாதைகளில் துருப்பிடிப்பைத் தடுக்கும் மின்னோட்டத்தை இவை ஆண்டுக்கணக்கில் வழங்குகின்றன. பட்டறைகளில் ஓடும் மோட்டார்களின் சூட்டில் இருந்து சில மில்லிவாட்டுகளைப் பெற்று, அவற்றின் அதிர்வை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் உணரிகளும் விற்பனையில் உள்ளன.

மின்வண்டிகளின் வரவு

மின்வண்டியில் புகைக் குழாய் இல்லை; மின்னோடியின் திறன் 90 விழுக்காட்டைத் தாண்டுவதால் கழிவு வெப்பமும் குறைவு, அதன் வெப்பநிலையும் தாழ்வு. 2025 சூன் 30 அன்று சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையில் இருந்து ஓடத் தொடங்கின. நகரப் பேருந்துக்கான வெப்ப மின்னாக்கி ஆய்வு, கருவி சந்தைக்கு வரும் முன்னரே தன் வண்டியை இழந்துவருகின்றது. நெடுந்தொலைவுச் சரக்குந்துகள், மீன்பிடிப் படகுகள், மின்வெட்டின்போது இயங்கும் மின்னாக்கித் தொகுதிகள் ஆகியவற்றில் டீசல் இன்னும் சில காலம் நீடிக்கும். ஐதரசனை எரிக்கும் பொறிகளிலும், கரி இல்லாவிடினும், புகைக் குழாய் சூடாகவே இருக்கும். அசோக் லேலண்டும் ரிலையன்சும் சேர்ந்து உருவாக்கிய அவ்வகைச் சரக்குந்து 2023 இல் காட்சிப்படுத்தப்பட்டது.